‘நல்லா இருக்கா?’ன்னு கேட்ட பூச்சுக்காரன்

ஒரு ஊர்ல ஒரு சுவர் இருந்துச்சாம்.

ராஜா இல்லடி, சுவர். ராஜா கதை வேணும்னா உங்கப்பாகிட்டப் போய்ப் படு. அத்தைகிட்ட சுவர்தான் இருக்கு. ‘ம்’ கொட்டு, கொட்டினாத்தான் மேல சொல்லுவேன்.

ஆங்.

அது சிட்டம்மாங்கற ஒருத்தி வீட்டுச் சுவர். அவ புருஷனுக்கு உப்பளத்துல வேலை, மாசக்கணக்கா வரமாட்டான். வீட்டுல அவளும், அவ பொண்ணு அஞ்சுகமும்தான். அஞ்சுகத்துக்கு அப்பத்தான் பேச்சு வந்திருக்கு. ‘அம்மா’ங்கற ஒரே வார்த்தைதான் தெரியும், அதை வச்சுக்கிட்டே எல்லா வேலையும் வாங்கிடும், உன்னாட்டம். அது தூங்கற தூளி அந்தச் சுவரை ஒட்டித்தான் தொங்குது. வேற இடத்துல கட்டலாம்னா உத்தரம் இருக்கறதே அங்கதான்.

அந்தச் சுவத்துல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு விரிசல். முதல்ல நூலாட்டம் இருந்துச்சு. அப்புறம் விரல் போற அளவு ஆச்சு. அப்புறம் கையே போற அளவு ஆச்சு. மத்தியானம் வீடு அமைதியா இருக்கறப்ப அதுலேருந்து மண்ணு உதிரும். சர்ர்ர்... சர்ர்ர்...

வானம் வேற கறுத்துக்கிட்டு வருது, ஐப்பசி மழை. மழை பிடிச்சா சுவர் விழுமே, விழுந்தா பிள்ளை மேலதானே விழும்னு சிட்டம்மா நிமிஷத்துக்கு ஒரு தடவை வானத்தைப் பாக்கறா. ஊர்ல இருக்கறது ஒரே ஒரு கொத்தனார், மாசிலாமணின்னு பேரு. அவர்கிட்டச் சொல்லி எத்தனையோ நாளாச்சு. “நாளைக்கு வரேன்மா”ன்னார், வரல. அப்புறம் ஆளையே காணோம். ஊர்ல யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கல. கொத்தனார்னா வரேன்னு சொல்லுவார், வரமாட்டார், அது வழக்கம்தானே. நம்ம வீட்டு மோட்டாருக்கு வரேன்னு சொன்னவன் வந்தானா? அதை விடு, கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அப்போ ஒரு நாள் மத்தியானம் தெருவுல ஒரு குரல். “சுவர் பூசணுமா... விரிசல் அடைக்கணுமா...”

சிட்டம்மா ஓடிப் போய்ப் பாத்தா, நெடுநெடுன்னு ஒரு ஆள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு பொட்டு அழுக்கு இல்ல. கொத்தனாருக்கு நகத்துல காரை ஒட்டியிருக்கும், விரல் வெடிச்சிருக்கும். இவன் விரல் வழவழன்னு இருக்கு. அவ அதைக் கவனிக்கல, அவ கவனம் பூராவும் மேகத்து மேல.

“சுவர் பூசணும் அண்ணே, மழைக்கு முன்னாடி முடியுமா?”

“இன்னைக்கே முடிச்சிடலாம்மா” அப்படின்னான். தேனாட்டம் பேச்சு. சுவர் எவ்வளவு நீளம்னு கேக்கல, எவ்வளவு உயரம்னு கேக்கல. என்ன கேட்டான் தெரியுமா?

“வீட்ல எத்தனை பேரும்மா?”

“நானும் என் பொண்ணும்தான் அண்ணே.”

“சரிதான், பூச்சு அதுக்குச் சரியா இருக்கும்” அப்படின்னான்.

ம் சொல்லுடி. பயமா இருக்கா? கையைக் கொடு. ஆங்.

அந்த ஊர்ல ஒரு பழக்கம். வெத்தலை பாக்குக் கொடுத்துட்டா வேலையைக் கொடுத்த மாதிரி. அப்புறம் அந்த ஆளு வீட்டுக்குள்ள வரலாம், போகலாம், வேண்டாம்னு சொல்ல முடியாது. அதனால நல்லா விசாரிச்சுட்டுத்தான் கொடுப்பாங்க. சிட்டம்மா இருந்த அவசரத்துல தட்டை எடுத்து நீட்டிட்டா. அவன் எடுத்தான். அவன் விரல் பட்டதும் அந்தப் பச்சை வெத்தலை மொறமொறன்னு சருகா காஞ்சு போச்சு.

“சாமான் எடுத்துட்டு வந்துடறேன். என் வேலையைப் பாக்கணும்னா மேலத் தெருவுல கடைசி மூணு வீடு நான் பூசினதுதான், போய்ப் பாருங்க”ன்னு சிரிச்சிட்டுப் போனான்.

இப்பத்தான் சிட்டம்மா யோசிக்கறா. வெத்தலை ஏன் காஞ்சுது? வீட்டுல எத்தனை பேருன்னு ஏன் கேட்டான்? அஞ்சுகம் அசந்து தூங்குது. அவன் வர்றதுக்குள்ள ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்னு கதவைச் சாத்திச் சங்கிலி போட்டுட்டு ஓடினா. பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருக்கலாம். போகல. என்ன பண்றது, அவசரத்துல புத்தி அவ்வளவுதான் வேலை செய்யும்.

முதல் வீடு எண்ணெய்க்காரர் வீடு. சுவர் கண்ணாடியாட்டம் மின்னுது, முகம் பாத்துப் பொட்டு வச்சுக்கலாம். “யாரும்மா வீட்டுல?”ன்னா. சத்தமே இல்ல. அடுப்புல சோறு கொதிச்சு, அடங்கி, காஞ்சு கிடக்கு. ஆள் இல்ல.

அப்புறம் ரெண்டாவது வீடு, தறிக்காரர் வீடு. அங்கயும் சுவர் பளபளன்னு இருக்கு. தறியில பாதிப் புடவை நிக்குது. வாசல்ல ஆறு செருப்பு. ஆள் இல்ல.

அப்புறம் மூணாவது வீட்டுக்குப் போனா. யார் வீடு அது? மாசிலாமணி கொத்தனார் வீடு! ஊருக்கெல்லாம் சுவர் வச்சவர், தன் வீட்டுச் சுவருக்கு நேரம் இல்லன்னு வேற ஆளைக் கூப்பிட்டிருக்கார். உள்ள போனா சுவர் மின்னுது. சிட்டம்மா மெதுவா அதுமேல கையை வச்சா.

சுவர் சூடா இருந்துச்சு. உடம்பு சூடு.

டொக். டொக். டொக்.

“யாரு?”

உள்ளேருந்து குரல். “நான்தாம்மா, மாசிலாமணி. அவனுக்கு வெத்தலை கொடுத்துட்டியா?”

“கொடுத்துட்டேனே!”

“ஐயோ பாவி! அவன் ஆளை உள்ள வச்சுப் பூசறவன்மா. பூசி முடிச்சிட்டு நல்லா இருக்கான்னு கேப்பான். வீட்டுக்காரங்க வாயால நல்லா இருக்குன்னு சொல்லிட்டா அவங்களையும் இழுத்துக்குவான். மூணு தடவை கேப்பான், சொல்லிடாத! ஒண்ணு கேட்டுக்கோ. நாங்க பூசினா தண்ணி விடுவோம், தண்ணி குடிச்சாத்தான் பூச்சு இறுகும். இவன் ஒரு சொட்டுக்கூட விடல. இவன் பூச்சு தண்ணி பட்டா தாங்காது. ஓடு!”

ஓடினா பாரு சிட்டம்மா. தபதபதபதபன்னு ஓடறா. சேலை முள்ளுல மாட்டிக் கிழியுது, கால்ல கல்லு குத்துது, அவளுக்கு எதுவும் தெரியல.

வீட்டு வாசலுக்கு வந்தா, போட்ட சங்கிலி போட்டபடியே இருக்கு. திறந்து உள்ள போனா...

விரிசலைக் காணோம். சுவர் முழுக்க வழவழன்னு வெள்ளை. அவன் கரண்டியைத் துடைச்சுக்கிட்டு நிக்கறான். தூளி காலியா ஆடுது. கிரீச்... கிரீச்...

சுவத்துக்குள்ளேருந்து சின்னதா ஒரு குரல். “அம்மா.”

இருடி, இரு. அழாத. நான் இருக்கேன்ல. சொல்லட்டுமா வேண்டாமா? சொல்லணுமா? சரி, அப்படின்னா என் மேல காலைப் போட்டுக்கோ.

அவன் திரும்பினான். “முடிஞ்சுடுச்சும்மா. நல்லா இருக்கா?”

சிட்டம்மாவுக்குக் கத்தணும் போல இருக்கு, அந்தச் சுவரை நகத்தாலயே பிறாண்டணும் போல இருக்கு. ஆனா தண்ணிக் குடம் அவன் முதுகுக்குப் பின்னால, அந்த மூலையில இருக்கு. “இந்தப் பக்கத்து மூலை கொஞ்சம் மேடா இருக்கே அண்ணே” அப்படின்னா.

அவன் முகம் சுளிச்சுது. மூலையைத் தேய்ச்சான். இவ ரெண்டு அடி நகர்ந்தா.

“இப்ப நல்லா இருக்கா?”

“ரசமட்டம் வச்சுப் பாத்தீங்களா? எனக்கு என்னமோ சாஞ்ச மாதிரி தெரியுது” அப்படின்னா. வேலை பாக்கறவங்களை நோகடிக்க நம்ம பொம்பளைங்களுக்குச் சொல்லியா தரணும்? அவன் பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டுத் திரும்பவும் தேய்ச்சான். இவ இன்னும் நகர்ந்தா. உள்ள “அம்மா”ங்கற குரல் சன்னமாயிட்டே போகுது.

மூணாவது தடவை அவன் அவ முகத்துக்கு நேரா குனிஞ்சான். மூச்சுல சுண்ணாம்பு வாடை. “இப்ப... நல்லா... இருக்கா?”

“தண்ணி விட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்!”

சளார்! குடத்தோட வீசிட்டா. பாதி சுவத்துல, பாதி அவன் மூஞ்சியில. சுவர் பொலபொலபொலன்னு கொட்டுது. அவன் கன்னம் கரைஞ்சு வழியுது. “ஐயோ தண்ணி, தண்ணி வேண்டாம்!”ன்னு அலறிக்கிட்டு, மூஞ்சியைக் கையில அள்ளிக்கிட்டு ஓடியே போயிட்டான். மண்ணுக்குள்ளேருந்து வெள்ளை வெளேர்னு அஞ்சுகம் வந்து விழுந்து, “அச்சூ!”ன்னு ஒரு தும்மல் போட்டுச்சு. சிட்டம்மா அதை அள்ளி நெஞ்சோட அணைச்சு அப்படி அழுதா.

ம்? ஆமா, அவங்களையும்தான். பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டே மூணு வீட்டுக்கும் தண்ணி ஊத்தினா. எல்லாரும் தும்மிக்கிட்டே வந்தாங்க.

அப்புறம் மாசிலாமணி சிட்டம்மா வீட்டு வாசல்ல வந்து நின்னார். உள்ள வரல. சிட்டம்மாவும் வாங்கன்னு கூப்பிடல. அவளுக்கு இப்போ யாரைப் பாத்தாலும் பயம். நகத்துல காரை இருந்தாலும் பயம்.

அவர் வெளியிலேருந்தே சுவரைத் தட்டிப் பாத்தார். “பூசிப் பிரயோசனம் இல்லம்மா. அஸ்திவாரமே போச்சு, இடிச்சுட்டுத்தான் கட்டணும். இந்த மழைக்குள்ள என்னால முடியாது. வெத்தலை எல்லாம் அப்புறம். முதல்ல பிள்ளையோட எங்க வீட்டுக்குப் போங்க, என் சம்சாரம் இருக்கா.”

சிட்டம்மாவுக்குக் கோபமான கோபம். இவ்வளவு பட்டும் சுவர் சரியாகலயே! அவன் ஒரே நாள்ல முடிக்கறேன்னான், இவர் முடியாதுங்கறார். ஆனா அவரையே கொஞ்ச நேரம் பாத்தா. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளை அவ அன்னைக்குத்தான் பாக்கறா. தூளியை அவுத்துச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா.

அவ தெருமுனைகூடத் தாண்டல. சடசடன்னு மழை பிடிச்சுது. பின்னால தொபீர்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா சுவர் முழுசா வீட்டுக்குள்ள சாஞ்சு கிடக்கு. அது அடியில யாரும் இல்ல.

அவனா? அவன் எங்க போனான்னு யாருக்கும் தெரியாதுடி கண்ணு. அவனை யாராவது கூப்பிட்டாத்தான் உள்ள வருவான். நாம கூப்பிடல.

சுவரும் படுத்துச்சு, கதையும் படுத்துச்சு, நீயும் படு.