பாயிண்ட்டுக்கு எவ்வளவு கேப்?

மங்கையற்கரசிக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்குக் கார் வேலை சொல்லிக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு முப்பத்தி நாலு. திருச்சி தென்னூரில் ஜெசிந்தாவின் பட்டறை. சனிக்கிழமை காலைகளில் அங்கே பெண்களுக்கு வகுப்பு.

மங்கை கொண்டுவந்தது ஒரு பழைய ஃபியட். வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய்ப் போர்வை போர்த்தி வைத்துவிட்ட வண்டி. ஆண்கள் ஆசை அப்படித்தான்.

அன்றைக்கு டியூனிங். பிளக்குகளை மாற்றியாயிற்று. அடுத்து, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். எதிரெதிரே இரண்டு சின்ன உலோக முனைகள், அவ்வளவுதான். ஜெசிந்தா புதுசை எடுத்துக் கொடுத்தாள்.

"மாட்டுங்கக்கா. எப்படி வைக்கணும்னு போன வாரமே சொன்னேன்."

மங்கை திருகாணியைத் திருப்பினாள். கையைவிட வாய் வேகமாக ஓடியது.

"டீச்சர், உங்களை ஒண்ணு கேக்கணும். என் பையன் கதிரவன் தனிக்குடித்தனம் போறானாம். நாளைக்குப் பால் காய்ச்சுறாங்களாம். ரெண்டு தெரு தள்ளி வீடு! அதுக்கு எதுக்குத் தனி வீடு? நான் வரமாட்டேன்னுட்டேன். பெத்தவ இல்லாம எப்படிப் பால் பொங்குதுன்னு பார்க்கறேன். நான் செஞ்சது சரிதானே?"

"மாட்டிட்டீங்களா?"

"மாட்டியாச்சு."

"ஸ்டார்ட் பண்ணுங்க."

சாவியைத் திருப்பினாள். வண்டி முக்கியது, முனகியது. கிளம்பவில்லை.

ஜெசிந்தா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, சாவியைத் தான் வாங்கிக்கொண்டாள். "நான் சுத்தறேன். நீங்க உள்ளே பாருங்க. முனை ரெண்டும் பிரியுதா?"

மங்கை குனிந்து பார்த்தாள். "பிரியலை. பிரியக் கூடாதுன்னுதானே இறுக்கி வச்சேன்! ஒட்டி இருந்தாத்தானே கரண்ட் ஓடும்?"

"ஓடும். ஓடிக்கிட்டே இருக்கும்."

"அப்புறம் என்ன?"

"பிளக்குல பொறி வராது. ரெண்டும் பிரியற அந்த நேரத்துலதான் பொறி."

மங்கை நிமிர்ந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"என்னைக் குத்திக் காட்டறீங்களா?"

"பாயிண்ட்டைச் சொன்னேன். திரும்ப வைங்க."

மங்கை ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று எடுத்தாள். "பிரியணும், அவ்வளவுதானே? பிரிச்சுடறேன். போகட்டும். எங்கே வேணா போய்த் தொலையட்டும். நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தா ஏன்னு கேளுங்க."

மூடியை மாட்டி ஜெசிந்தா சாவியைத் திருப்ப, இந்த முறை வண்டி கிளம்பியது. மங்கை ஜெயித்த மாதிரி பார்த்தாள். ஜெசிந்தா ஆக்சிலரேட்டரை மிதித்தாள். வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுபோனது.

"இப்ப என்ன கேடு அதுக்கு?"

"ரொம்பத் தள்ளி வச்சுட்டீங்க. ரெண்டும் கொஞ்ச நேரமாவது சேர்ந்து இருந்தாத்தான், பொறிக்குக் கரண்ட் சேர்த்து வைக்கிற காயில் நிறையும். நிறையாத காயில் எதைக் குடுக்கும்?"

"சேர்ந்தாலும் தப்பு, பிரிஞ்சாலும் தப்பு. நல்ல வண்டி! என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

ஜெசிந்தா ஒரு மெல்லிய தகட்டை நீட்டினாள்.

"இதை நடுவுல விட்டு இழுங்க. லேசா உரசிக்கிட்டே வரணும். பிடிச்சு இழுக்கவும் கூடாது, லொடலொடன்னு வரவும் கூடாது."

மங்கை தகட்டை விட்டாள். இறுக்கம். திருகாணியைத் தளர்த்தினாள். லொடலொட. மறுபடி திருப்பினாள். இப்போது வாய் ஓய்ந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு வேலை செய்தாள்.

தகடு மெல்ல உரசி வெளியே வந்தது.

மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. மிதித்தாள். இருமவில்லை. அப்படியே ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அணைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"கதிரு, நாளைக்குப் பால் எத்தனை மணிக்குடா? ... சரி. வரேன். ... பால் பானை நான் வாங்கிட்டு வரேன், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. ... இல்லடா, கோபமெல்லாம் இல்லை."

இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அடுப்பை எந்த மூலையில் வைக்க வேண்டும் என்பதாக இருக்கலாம். "சரி, வச்சுடறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

ஜெசிந்தா கருவிகளைப் பெட்டிக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு தடவை இப்படிச் சரியா வச்சுட்டா அப்படியே நின்னுடும்தானே?"

"நிக்காதுக்கா. ஓட ஓட, முனையைத் தள்ளுற கட்டை தேய்ஞ்சு, தானா நெருங்கிடும். அப்பப்பத் திறந்து பார்த்து நீங்கதான் தள்ளி வைக்கணும்."