முதுகில் வந்த முகம்

புழு பூச்சிக்கெல்லாம் வாய்ப்பேச்சு இருந்த காலம் அது. பேசி என்ன கண்டன என்று கேட்காதீர்கள்.

கரிசல் காட்டில் ஒச்சம்மா என்று ஒருத்தி இருந்தாள். அவள் அறுப்புக்கு வெளியூர் போயிருந்தபோது, ஐந்து வயது மகள் பொன்னாத்தா காய்ச்சலில் போய்விட்டாள். ஆள் வந்து சொல்லி, அவள் ஓடி வருவதற்குள் எள்ளுக்காட்டு ஓரத்தில் புதைத்தும் முடித்துவிட்டார்கள். பெற்றவளுக்குக் கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதை நினைத்து நினைத்தே சோறு தண்ணி மறந்தாள்.

ஒருநாள் காலையில், கட்டைவிரல் தடிமனில் ஒரு பச்சைப்புழு, வாலில் வளைந்த கொம்போடு, எள்ளுச்செடியை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. நசுக்குவதற்குக் கல்லை எடுத்தாள்.

"கொன்னுறாத தாயி," என்றது புழு. "வயிறு நெறஞ்சதும் மண்ணுக்குள்ள போயி, றெக்கையோட வருவேன். என்ன வேணும்னாலும் கொண்டாரேன்."

கல் கை நழுவியது. "எம்புள்ள முகத்தக் கொண்டாருவியா?"

புழு தின்பதை விட்டுத் தலையை நிமிர்த்தியது. "நான் தூங்கி எந்திரிக்க நாளாகும். மண்ணு எதையும் சும்மா விடாது தாயி. எப்படி இருந்தாலும் ஏத்துக்குவியா?"

"எப்படி இருந்தா என்ன? எம்புள்ளதான!"

புழு தின்று கொழுத்து, பொன்னாத்தாவைப் புதைத்த மண்ணைக் குடைந்து இறங்கியது. ஒச்சம்மா தினமும் அங்கே போய் உட்கார்ந்திருந்தாள்.

எள் முற்றிய சமயம், விளக்கு வைக்கிற நேரத்தில், பெரிய விட்டில் ஒன்று வீட்டுக்குள் வந்து சுவரில் உட்கார்ந்தது. சொன்ன சொல் தவறாமல் முகத்தைச் சுமந்துதான் வந்திருந்தது. அவள் விளக்கை உயர்த்தி அதன் முதுகைப் பார்த்தாள். கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. வெறும் மண்டையோடு.

"ஐயோ, பேயி!" என்று அலறி முறத்தால் ஓங்கி அடித்தாள்.

கீச்சென்று ஓர் அழுகுரல். அடி வாங்கினால் பொன்னாத்தா அப்படித்தான் அழுவாள். ஒச்சம்மா முறத்தை வீசி எறிந்தாள். "எங்கண்ணு, வாடி! தெரியாம அடிச்சுட்டேண்டி!" என்று வாசலுக்கு ஓடினாள். விட்டில் போன திசைகூடத் தெரியவில்லை.

பொன்னாத்தாவுக்குத் தேன் என்றால் உயிர். அந்த விட்டில் தேனடைக்குள் நுழைந்தால், அடிபட்ட பிள்ளை என்று தேனீக்கள்கூடக் கொட்டாமல் விட்டுவிடுகின்றன.

எள்ளிலையில் வளர்ந்து, மண்ணுக்குள் தூங்கி, முதுகில் மண்டையோட்டோடு எழுந்து வரும் விட்டில், விளக்கு எரியும் வீட்டுக்குள் நுழைவதும், தொட்டால் கீச்சென்று அழுவதும் அன்றிலிருந்துதான். நாம் முறத்தைத் தேடுவதும் அன்றிலிருந்துதான்.