நாற்பது வாளியும் இரண்டு மூட்டை வயரும்

மாசிலாமணி நூற்பாலையில் முப்பத்து நான்கு வருஷம் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான மறு வருஷம் வீட்டைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன மடத்தில் வந்து சேர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு அறுபத்தொரு வயது. மடத்தின் குரு அமிர்தவல்லி அம்மாவுக்கு நாற்பத்து மூன்று. தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரை ‘அம்மா’ என்று கூப்பிட அவர் நாக்கு பழகவே இரண்டு மாதம் ஆயிற்று.

குரு என்றால் எதையும் நேராகச் சொல்ல மாட்டார், ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல்லை ஒளித்து வைப்பார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காகவே ஒரு நோட்டு வாங்கி வைத்திருந்தார். அம்மா சொல்வதையெல்லாம் தேதி போட்டு அதில் எழுதுவார். பிறகு உட்கார்ந்து யோசிப்பார்.

மடத்தில் தினமும் மதியம் கஞ்சி உண்டு. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போகும் பெண்களும் பார்க்க ஆளில்லாத வயசாளிகளுமாக நூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். அந்த வருஷம் சித்திரையில் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று. பழைய வயரிங்தான் காரணம் என்றார்கள். ஒரு பக்தர் தன் செலவில் மடம் முழுவதும் புது வயர் இழுத்துக் கொடுத்தார். உருவிப் போட்ட பழைய வயர் இரண்டு மூட்டை சேர்ந்தது.

அம்மா மாசிலாமணியைக் கூப்பிட்டார்.

“இதை வித்துட்டு ஒரு மோட்டாரைக் கொண்டாங்க. மிச்சம் வேணுங்கிறதை நான் பார்த்துக்கிடுதேன்.”

மாசிலாமணி மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் நல்ல செம்புக் கம்பி. மில்லில் இருந்த காலமெல்லாம் வயரை இழுத்துக் கட்டியிருக்கிறாரே தவிர, பழைய வயரை விற்றதில்லை. அது ஆபீஸ்காரர்கள் வேலை. ஆனாலும் உரித்த கம்பிக்கு இரட்டிப்பு விலை என்று கேள்விப்பட்டிருந்தார்.

“அம்மா, இதை இப்படியே போடவா, தோலை உரிச்சுட்டுப் போடவா? உரிச்சாப் பிரயோசனம் உண்டா?”

அம்மா கிணற்றுப் பக்கம் பார்த்தார். சமையல்கார செவத்தாயி கப்பியில் கயிறு போட்டு இறைத்துக்கொண்டிருந்தாள்.

“நாப்பது வாளி,” என்றார் அம்மா. எழுந்து போய்விட்டார்.

உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டால் நாற்பது வாளியாம். மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நோட்டை எடுத்தார். ‘நாற்பது வாளி’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். நாற்பது எதைக் குறிக்கிறது? வாளி என்றால் உடம்பா, மனசா? இரவு சாப்பிடும்வரை யோசித்தார். குரு வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் உரிப்பதுதான் சரி என்று கடைசியில் முடிவு செய்தார்.

வேப்பமரத்தடியில் பலகை போட்டு உட்கார்ந்தார். முதலில் மெயின் வயர். தடியான கம்பி. கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு இழுத்தால் தோல் தனியாக, கம்பி தனியாக வந்தது. இரண்டு நாளில் அது முடிந்தது. பளபளவென்று சுருட்டி வைத்ததைப் பார்க்க அவருக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் மெலிசான வயரை எடுத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. முழ நீளம் உரிப்பதற்குள் கத்தி வழுக்கி விரலில் இறங்கியது. சிலதில் தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நார் நாராக வந்தது. சாயங்காலம் பார்த்தால் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.

நான்காம் நாள் அம்மாவிடம் போனார்.

“அம்மா, தீ வச்சு எரிச்சா ஒரே நாள்ல தோல் போயிரும். எரிக்கட்டுமா?”

“பொகை எங்க போகும்?” என்றார் அம்மா.

மாசிலாமணிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. எரிக்கட்டுமா என்று கேட்டால் புகை போகிற இடத்தைக் கேட்கிறார். ஆனாலும் எழுதிக்கொண்டார். உயிர் பிரிந்தால் எங்கே போகும் என்பதுதான் கேள்வி என்று அவருக்குப் பட்டது. எரிக்கிற எண்ணத்தை விட்டார். மறுபடியும் கத்தியை எடுத்தார்.

ஆறாம் நாள் அம்மாவே வேப்பமரத்தடிக்கு வந்தார். எதிரில் உட்கார்ந்து ஒரு மெலிசான வயரை எடுத்து உரிக்கப் பார்த்தார். ஒரு சாண் வருவதற்குள் நகம் பிய்ந்தது. வயரைக் கீழே போட்டார். மாசிலாமணியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நேராகக் கிணற்றுக்குப் போனார். செவத்தாயியின் கையிலிருந்து கயிற்றை வாங்கி இறைக்க ஆரம்பித்தார்.

மாசிலாமணி அதையும் எழுதினார். வலித்தாலும் விடக்கூடாது என்று குரு செய்து காட்டியதாக எடுத்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு உரித்தார்.

ஒன்பதாம் நாள் பதினொரு மணி இருக்கும். கிணற்றடியில் வாளி சரிந்து விழுந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டது. செவத்தாயி தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் தூக்க முடியவில்லை. சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை அவள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது.

அம்மா அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மாசிலாமணி கயிற்றைப் பிடித்தார். பத்து வாளிக்கு மேல் அவரால் முடியவில்லை. மூச்சு வாங்கியது. மீதியை அம்மா இறைத்தார். பன்னிரண்டு மணிக்கு ஊற்ற வேண்டிய கஞ்சி இரண்டரைக்குத்தான் ஆயிற்று. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். அண்டாவில் பாதி அப்படியே கிடந்தது.

எல்லோரும் போன பிறகு மாசிலாமணி நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றார்.

“ஒன்பது நாளாக் கேக்கேன். உரிச்சாப் பிரயோசனம் உண்டா இல்லையான்னு. நீங்க ஒரு தடவைகூட நேராச் சொல்லல.”

“நேராத்தான் சொன்னேன்.”

“எங்க சொன்னீங்க? நாப்பது வாளின்னீங்க. நாப்பது வாளின்னா என்ன?”

“நாப்பது வாளி.”

“அதான், என்ன அர்த்தம்?”

“ஒரு நாளைக்குக் கஞ்சிக்கும் பாத்திரத்துக்கும் நாப்பது வாளித் தண்ணி வேணும். அவ ஒருத்தி இறைக்கா.”

மாசிலாமணி பக்கத்தைப் புரட்டினார்.

“பொகை எங்க போகும்னு கேட்டீங்களே?”

“பின்னால பள்ளிக்கூடம் இருக்கு. பிள்ளைங்க மூக்குக்குப் போகும்.”

அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார். பிறகு இன்னும் கோபமாகக் கேட்டார்.

“அப்ப, நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அம்மா களைப்பாகச் சிரித்தார். உள்ளங்கை கயிறு அறுத்துச் சிவந்து கிடந்தது.

“முதல் நாள் வித்துட்டு வாங்கன்னேன். நிறுத்துங்கன்னு சொன்னா அதையும் எழுதி வச்சுக்கிட்டு, எதை நிறுத்தன்னு யோசிச்சிருப்பீங்க.”

மறுநாள் விடிந்ததும் மாசிலாமணி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனார். பழைய இரும்புக் கடைக்காரர் உரித்ததையும் உரிக்காததையும் தனித்தனியாக எடை போட்டார். மெலிசு வயரின் குவியலைக் கையில் எடுத்து, அவருடைய விரல் கட்டுகளையும் பார்த்தார்.

“தடிசை உரிச்சது லாபம், ஐயா. எண்ணூறு ரூபாய் கூட வரும். மெலிசை எதுக்கு உரிச்சீங்க? அதுல பாதி எடை தோலு. நான் தோலோட எடுத்தாப் பாதி வெல. உரிச்சுக் கொண்டாந்தாப் பாதி எடை. ரெண்டும் ஒண்ணுதான்.”

மாசிலாமணி பணத்தை வாங்கி, உரித்ததால் கூடின எண்ணூறை மட்டும் தனியாக மடித்து வைத்தார். மீதியோடு அம்மா கொடுத்து அனுப்பியதையும் சேர்த்து மோட்டார் எடுத்தார். அன்று சாயங்காலமே தன் கையால் இணைப்புக் கொடுத்தார். சுவிட்சைத் தட்டியதும் தொட்டியில் தண்ணீர் விழுந்தது. சுற்றி நின்றவர்களின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மோட்டாரின் ரசீதையும், உரித்ததால் கூடுதலாகக் கிடைத்த எண்ணூறு ரூபாயையும் கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்தார். இன்னும் அவருக்கு மனசு அடங்கவில்லை. இவ்வளவு பட்டதற்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

“அம்மா, தடிசு லாபம், மெலிசு வீண்னு கடைக்காரர் சொல்லிட்டாரு. அது அவரு கணக்கு. நீங்க சொல்லுங்க. இந்த எண்ணூறு ரூபாய்க்கு நான் ஒன்பது நாள் உக்காந்தது பிரயோசனமா, இல்லையா? இந்தத் தடவை நேராச் சொல்லிருங்க. நான் எழுதல.”

நோட்டை அவர் கொண்டுவரவும் இல்லை.

அம்மா அந்த எண்ணூறு ரூபாயை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

“நேராச் சொல்லுதேன். எனக்குத் தெரியாது. நீங்க உக்காந்திருந்த ஒன்பது நாளும் இறைச்சது செவத்தாயி. அவகிட்டப் போய்க் கேளுங்க.”

மாசிலாமணி சமையல்கட்டு வாசலுக்குப் போனார். செவத்தாயியின் வலது கை கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கியது. அரிவாள்மனையைக் காலால் மிதித்துக்கொண்டு, இடது கையால் மட்டும் வெங்காயத்தை அரிந்துகொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

“வாங்க அண்ணாச்சி. என்ன வேணும்?”

மாசிலாமணி ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் மறுபடியும் கேட்டாள். அவருக்குக் கேள்வி வாயில் வரவில்லை.