பரிசல் கட்டும் இடம்

காட்டின் நடுவே ஒரு பெரிய ஏரி இருந்தது. ஏரியின் நடுவில் ஒரு திட்டு. இலந்தைப் பழமும் காட்டுக் கிழங்கும் கரையான் புற்றும் அந்தத் திட்டில்தான் ஏராளம். அதனால் காட்டில் ஒவ்வொரு குடும்பமும் சொந்தமாக ஒரு பரிசல் வைத்திருந்தது. பரிசலில் ஏறித் திட்டுக்குப் போவார்கள். வயிறு நிறைந்ததும் திரும்பி வந்து, கரையில் முளை அடித்துக் கட்டிவிடுவார்கள்.

குடும்பங்கள் பெருகின. பரிசல்களும் பெருகின. முயல் வீட்டில் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, கல்யாணமான பிள்ளைக்கு ஒன்று! கரை முழுக்கப் பரிசலும் கயிறுமாக ஆகிவிட்டது. தண்ணீர் குடிக்க இறங்கக்கூட வழி இல்லை. ஒரு நாள் தாகத்தோடு வந்த புள்ளிமான் செவ்வந்தி கயிற்றில் கால் சிக்கி விழுந்து, காலை முறித்துக்கொண்டாள்.

காட்டுக்குத் தலைவி ஆனை பெரியநாயகி. அவள் எல்லோரையும் கூட்டினாள்.

"இனிமே கரையில பாதியைக் காலி பண்ணணும்! தண்ணி குடிக்க வர்றவங்களுக்கு வழி வேணும். மூங்கில்ல ஒரு பெரிய தெப்பம் கட்டப்போறோம். எருமை கருப்பாயி அதை இழுப்பா. எல்லாரும் அதுலயே போய் வரலாம்!"

கூட்டத்தில் ஒரே கூச்சல்.

"எங்க பரிசலை எங்க கொண்டு போய்க் கட்டுறது? மரத்து மேலயா?" என்று முயல் கேட்டது.

"தெப்பம் பகல்லதானே போகும்? எங்களுக்குச் சாயங்காலத்துக்கு மேலதான் பிழைப்பே!" என்றது மரநாய்.

"நாங்க இத்தனை வருஷமா கட்டுற இடம்! கேக்காமக் கொள்ளாம எடுத்துக்குவீங்களா?" என்று காட்டுப்பன்றி உறுமியது.

பெரியநாயகி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "மரநாய் சொல்றது நியாயம். பொழுது சாயும்போதும் தெப்பம் ஒரு தடவை போகும். செவ்வந்தி மாதிரி நடக்க முடியாதவங்களுக்கும், தெப்பத்துல ஏற வழியில்லாதவங்களுக்கும் மட்டும் கரையில இடம் உண்டு. ஆனா ஒண்ணு! கொடுத்த இடம் காலியாக் கிடந்தா, அது அடுத்தவங்களுக்குப் போயிரும்!"

அரைமனதோடு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

கரையில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் நிழலில் இரண்டு பரிசல்கள் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருக்கும். ஒன்று முள்ளம்பன்றி சடையனுடையது. இன்னொன்று உடும்பு மாசாணத்துடையது. இருவரும் பல காலமாக அண்டை வீட்டுக்காரர்கள்.

மறுநாள் மாசாணத்தின் முளையைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். சடையனின் முளை அப்படியே இருந்தது.

மாசாணத்துக்கு நெஞ்சு எரிந்தது. நேராகப் பெரியநாயகியிடம் ஓடினான்.

"அம்மா! இது என்ன நியாயம்? அவனுக்கு மட்டும் மர நிழல்! நான் மட்டும் தெப்பத்துக்கு வரிசையில நிக்கணுமா?"

"அவன் உடம்பு பூரா முள்ளுடா! நெரிசல்ல அவன் நின்னா பக்கத்துல இருக்கிறவங்க கதி என்ன? அதனாலதான் அவனுக்கு இடம்."

மாசாணம் வாயை மூடிக்கொண்டு திரும்பினான். ஆனால் மனசு மூடவில்லை.

தெப்பம் ஓடத் தொடங்கியது. உண்மையில் அது நன்றாகவே ஓடியது. துடுப்புப் போட வேண்டியதில்லை. கை வலி இல்லை. முயல்கள்கூட ஊர்க்கதை பேசிக்கொண்டு உல்லாசமாகப் போய் வந்தன. மாசாணமும் அதில்தான் போனான். ஆனால் அவன் கண் திட்டின் பக்கம் திரும்பவே இல்லை. நாவல் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்தியா அவனை? கால் மேல கால் போட்டுப் படுத்திருக்கான்!" என்று மரநாயிடம் பொருமினான். சடையன் அப்போது பரிசலின் ஓட்டையைத் தார் பூசி அடைத்துக்கொண்டிருந்தான்.

"பாவம், வேலை செஞ்சுக்கிட்டுல்ல இருக்காரு!" என்றது மரநாய்.

"உனக்குத் தெரியாது. அவன் ஆனையம்மாவுக்குத் தினம் கரும்பு கொண்டு போய்க் குடுக்கிறானாம்!"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா என்ன? அதான் தெரியுதே!"

இதைச் சடையனும் கேள்விப்பட்டான். மாசாணத்தைத் தேடி வந்தான். "அண்ணே, உங்களுக்கு எப்பப் பரிசல் வேணும்னாலும் என்னுதை எடுத்துக்கிட்டுப் போங்க. கேக்கவே வேண்டாம்," என்றான்.

நல்ல மனதோடுதான் சொன்னான். மாசாணத்துக்கோ அது இன்னும் எரிச்சலாக இருந்தது. 'எனக்கே தானம் குடுக்க வந்துட்டான்!' என்று நினைத்துக்கொண்டான்.

அன்று அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. காட்டுக்குள் போய்க் கருவேல முட்களை ஒடித்து வந்தான். முதுகு முழுக்க அடுக்கி, கொடியால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். பெரியநாயகிக்கு வயதாகிவிட்டது. கண் மங்கல்.

"அம்மா! எனக்கும் முள் முளைச்சிருச்சு! என்னாலயும் தெப்பத்துல ஏற முடியாது!"

பெரியநாயகி தும்பிக்கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். சுருக்கென்று குத்தியது. "அட, ஆமா! சரி, கிழக்குக் கோடியில ஒரு இடம் காலியா இருக்கு. அங்க கட்டிக்கோ. ஆனா இனிமே நீ தெப்பத்துல ஏறக்கூடாது."

மாசாணத்துக்குக் கொண்டாட்டம்! பரிசலைக் கொண்டுபோய்க் கிழக்குக் கோடியில் கட்டினான். அங்கே மரம் இல்லை. நிழல் இல்லை. நண்பகலில் பரிசல் சுட்டது. தினமும் தானே துடுப்புப் போட வேண்டியிருந்தது. முதுகில் கட்டிய முள் அவனையே குத்தியது. கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படியே தூங்கினான், அப்படியே விழித்தான்.

கேட்ட இடம் கிடைத்துவிட்டது. அப்போதாவது பொறாமை அடங்கியதா? இல்லை. நாவல் மரத்து நிழலைப் பார்க்கப் பார்க்க அது வளர்ந்தது. 'அவனுக்கு நிழல், எனக்கு வெயிலா? அந்த இடம் காலியானா எனக்குத்தான் வரும்!'

ஒரு நாள் நண்பகல். கரையில் யாரும் இல்லை. தெப்பம் திட்டிலிருந்து புறப்பட்டு ஏரியின் நடுவே வந்துகொண்டிருந்தது. சடையன் கரைக்குப் பின்னால் இருந்த மேட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான். அவனுடைய பரிசல் மரத்தடியில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே தேக்கிலைகள் பரப்பியிருந்தன.

மாசாணம் மெதுவாக வந்தான். முடிச்சை அவிழ்த்தான். பரிசலை ஒரு தள்ளுத் தள்ளினான்.

அந்த ஏரியின் தெற்கு மூலையில் தண்ணீர் பாறையைத் தாண்டி அருவியாகக் கொட்டும். நீரோட்டம் பரிசலை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

'போ, போ! போய் நொறுங்கு!' என்று மாசாணம் பார்த்துக்கொண்டே நின்றான்.

பரிசலில் தேக்கிலைகள் அசைந்தன. இலைகளுக்கு அடியிலிருந்து இரண்டு குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன.

"அப்பா! அப்பா!"

சடையனின் குட்டிகள்! வெயில் படாமல் தூங்கட்டும் என்று இலையைப் போர்த்திப் படுக்க வைத்திருந்தான்.

மாசாணம் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினான். அவனைப் போல நீந்துகிறவர்கள் அந்தக் கரையில் குறைவு. யோசிக்காமல் தண்ணீரில் பாய்ந்தான். ஆனால் நாலு வீச்சுக்கூட நீந்தவில்லை. முதுகில் இருந்த முள்கட்டு கோரைப் புல்லில் மாட்டிக்கொண்டது. இழுத்தான். இன்னும் இறுகியது.

"காப்பாத்துங்க! குட்டிங்க போகுது! யாராவது வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

மேட்டிலிருந்து சடையன் ஓடி வந்தான். பரிசல் போயிருந்த தூரம் அவனால் நீந்தக்கூடியது இல்லை; தண்ணீர் ஓரத்திலேயே தவித்துக்கொண்டு நின்றான்.

ஏரி நடுவே கருப்பாயி தலையைத் திருப்பினாள். "எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்குங்க!" என்று கத்திவிட்டுத் தெப்பத்தைத் தெற்கே இழுத்தாள். காட்டுப்பன்றி, மந்தி, முயல்கள் எல்லோரும் தெப்பத்தின் ஓரத்தில் குந்திக் கையாலும் காலாலும் தண்ணீரைத் தள்ளினார்கள். அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. தெப்பம் பரிசலை நெருங்கியது. மந்தி கையை நீட்டிப் பரிசலின் விளிம்பைப் பற்றி இழுத்தது.

"குதிங்கடா கண்ணுகளா! குதிங்க!"

குட்டிகள் குதித்தன. அவற்றுக்கும் உடம்பெல்லாம் முள். ஆனாலும் முயலம்மா ஒரு குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். மந்தி இன்னொன்றைத் தூக்கிக்கொண்டது. குத்தியது, ரத்தம்கூட வந்தது. யாரும் கையை விடவில்லை.

காலிப் பரிசல் பாறையைத் தாண்டி அருவியில் விழுந்து நொறுங்கியது.

சடையன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். குட்டிகள் தெப்பத்துக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டான். உடனே கோரைக்குள் இறங்கினான். அங்கே மாசாணம் மூக்கு மட்டும் வெளியே தெரிய மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். சடையன் பல்லால் கொடியைக் கடித்து அறுத்தான். முள்கட்டு கழன்று மிதந்தது.

"குட்டிங்களுக்காகவா அண்ணே குதிச்சீங்க? நீங்க கத்தலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது!" என்று சடையன் கும்பிட்டு அழுதான்.

மாசாணத்தால் அந்த நன்றியைத் தாங்க முடியவில்லை. "கும்பிடாதே சடையா! அவுத்து விட்டதே நான்தான்! குட்டிங்க இருந்தது எனக்குத் தெரியாது. ஆனா அவுத்தது நான்தான். உன் இடம் எனக்கு வேணும்னு நினைச்சேன்," என்றான்.

சடையன் அவனை விட்டுச் சற்று விலகினான். தெப்பம் கரைக்கு வந்ததும் குட்டிகளை வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

பெரியநாயகி வந்தாள். மாசாணம் அவளிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். மிதந்துகொண்டிருந்த முள்கட்டைத் தும்பிக்கையால் எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"முள் முளைச்சது முதுகுல இல்ல, மனசுலதான்!" என்றாள். "மாசாணம், உன் பரிசல் இனிமே சடையனுக்கு. கிழக்குக் கோடி இடமும் உனக்கு இல்ல. நீ தெப்பத்துல போய் வா."

மறுநாள் காலை மாசாணம் வரிசையில் வந்து நின்றான். கருப்பாயி அவனை ஏற வேண்டாம் என்று சொல்லவில்லை. தெப்பத்தில் அன்று நெரிசல். ஆனாலும் அவன் உட்கார்ந்த மூலையில் நாலு பேர் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது. யாரும் அந்தப் பக்கம் நகரவில்லை.

அடுத்தவருக்குக் கிடைத்த இடத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர், மற்றவர் மனதில் தமக்கு இருக்கும் இடத்தையும் இழந்துவிடுவார்.