தரைமீனின் வயிற்றில்

தெற்கே, பனிக்கட்டி மிதக்கும் கடலில் ஓர் ஆராய்ச்சிக் கப்பல். கடலின் அடித்தரையில் கிடக்கும் மீன் எதைத் தின்று வாழ்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. வலையை இழுப்பார்கள், மீனின் வயிற்றைக் கீறுவார்கள், உள்ளே இருப்பதைக் குறித்துக்கொள்வார்கள்.

குருவின் பெயர் வேதவல்லி. சீடர்கள் இருவர். ஒருவர் குணசீலன், குருவைவிட நான்கு வயது பெரியவர். வங்கி வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். சந்தேகப்படும் வேலையை மட்டும் அவர் விடவில்லை. இன்னொருவன் எட்வின்.

ஒரு மாலை குணசீலன் குருவின் மேஜைக்கு வந்து ஒரு புகார்க் கடிதத்தை நீட்டினார்.

"எட்வின் பொய்க் குறிப்பு எழுதறான், மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒரே வலை, ஒரே ஜாதி மீன். நான் கீறினா வயிறு பூரா கிரில். அவன் சேத்துப் புழுன்னு எழுதியிருக்கான். கிரிலை வழிச்சு வாளியில போடறதை நானே பார்த்தேன்."

கிரில் என்பது நம் கூனி இறால் போன்றது. மேல்நீரில் கூட்டம் கூட்டமாகத் திரியும்.

குரு கையெழுத்துப் போட்டால் எட்வின் அடுத்த துறைமுகத்தில் இறங்க வேண்டியதுதான். ஐந்து வருடப் படிப்பும் அத்தோடு போய்விடும். குரு பேனாவை எடுக்கவில்லை. கத்தியை எடுத்தார்.

அன்றைய மீன் ஒன்றின் இரைப்பையைக் கீறி, ஒரு கிரிலைக் குணசீலனின் உள்ளங்கையில் வைத்தார்.

"பாருங்க."

"மீசைகூட முறியலை. கண்ணு அப்படியே கறுப்பா இருக்கு."

"எப்பத் தின்னிருக்கும்?"

"சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அப்ப மீன் எங்க இருந்தது?"

குணசீலன் யோசித்தார். அடியிலிருந்து வலை மேலே ஏறும்போது கிரில் கூட்டமும் அதில் மாட்டிக்கொள்ளும். அது அவருக்குத் தெரிந்த விஷயம்தான்.

"வலைக்குள்ள," என்றார்.

குரு குடலைக் கடைசிவரை கீறினார். பாதி செரித்த சேற்றுப் புழுக்கள் கூழாக வந்தன.

"மீன் கடலடியில தானா தின்னது இதுதான். எட்வின் எழுதறது இதை."

நியாயமாகப் பார்த்தால் குணசீலன் அப்போதே கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால் சாப்பாடு தூக்கம் பார்க்காமல் வளர்த்த சந்தேகத்தை அவ்வளவு லேசில் விட யாருக்கு மனசு வரும்?

"மீன் விஷயம் சரி, மேடம். தப்பு இல்லேன்னா அவன் ஏன் கதவைச் சாத்திக்கிட்டு வேலை செய்யறான்? என்னைக் கண்டா முதுகைத் திருப்பிக்கறான். பேச்சையே நிறுத்திட்டான்."

"எப்ப இருந்து?"

"செவ்வாய்க்கிழமையில இருந்து."

"நீங்க அவன் பின்னாடியே நின்னு பார்க்க ஆரம்பிச்சது?"

குணசீலன் உள்ளங்கையைப் பார்த்தார். கிரில் இன்னும் அங்கேயே இருந்தது.

"திங்கக்கிழமை."

குரு கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தார்.

"அப்ப அதுவும் வலைக்குள்ள தின்னதுதான்."