ஆண்டுக்கு ஒரு மூச்சு

"நாளைக்குக் கச்சேரியிலை நான் வாசிக்கேல்லை, ரீச்சர். வேறை ஆளைப் பாருங்கோ."

குகதாசன் தன் குழல் பெட்டியைக் குருவின் மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்திலேயே அது இனி வீடு திரும்பாது என்று தெரிந்தது.

சுவிஸ் நாட்டில், பாசெல் நகரத்தில் நடந்தது இது. சீடருக்குத் தாடி நரைத்துவிட்டது. குரு ஆரணிக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவர் அங்கேயே பிறந்த, யாழ்ப்பாணத்தாரின் பிள்ளை. இசைப்பள்ளியின் பழைய வாத்தியங்களுக்குக் காவல்.

குகதாசன் வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவியவர். பக்கத்துத் தேவாலயத்தில் யாரோ ரெக்கார்டர் ஊத, கையிலிருந்த தட்டு அடுக்கைத் தரையில் விட்டுவிட்டு ஈரக்கையோடு போனார். திரும்பவேயில்லை. இன்று அவர் ஊதினால் ரைன் ஆற்று வாத்துகள் நீச்சலை நிறுத்திவிட்டு வரிசையில் நிற்கும். நம்பாதவர்கள் வாத்துகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

ரெக்கார்டர் என்றால் பாட்டுப் பதியும் பெட்டி அல்ல. வாயில் நேராக வைத்து ஊதும் மரக்குழல். முந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய இசையை, அந்தக் காலத்தார் ஊதியபடியே ஊதுவது குகதாசனின் தொழில்.

இப்போது அந்தத் தொழிலில்தான் இடி விழுந்திருந்தது.

"என்ன நடந்தது, அண்ணை?"

"கலியாண வீட்டிலை எங்கடை சின்னத்துரை மாமா, பழுதான கேசட் ரெக்கார்டர் ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'நீதானே ரெக்கார்டர் வேலை செய்யிறாய், இதைத் திருத்தித் தா' எண்டார்."

ஆரணி சிரிப்பை அடக்கப் பார்த்தார். "திருத்திக் குடுத்தீங்களோ?"

"பகிடி விடாதேங்கோ. நான் எல்லாம் விளங்கப்படுத்தினன். கேட்டுட்டு மனிசன் சொல்லுது, 'அந்தக் காலத்து ஆக்கள் இப்பிடித்தான் ஊதினவை எண்டு ஆர் உனக்குச் சொன்னது?'"

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"புத்தகத்திலை இருக்கு எண்டன். 'புத்தகத்திலை சத்தம் கேக்குமோ?' எண்டார்."

ஆரணி சிரிக்கவில்லை.

"சனம் கண்ணை மூடிக்கொண்டு இருக்குது, ரீச்சர். அந்தக் காலத்திலை செத்தவனே வாசிக்கிறான் எண்டு நம்பிக் கேக்குது. எனக்கு அவனைத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை. இவ்வளவு காலமும் நான் பொய் ஊதியிருக்கிறன்."

ஆரணி எழுந்து போய்ச் சுவர் அலமாரியைத் திறந்தார்.

உள்ளே, பட்டுத் துணியில் ஒரு குழல். கறுத்துப்போன மரம். முந்நூறு வயது.

அதை ஆண்டுக்கு ஒரு மூச்சுத்தான் ஊதலாம். இரண்டாவது மூச்சின் ஈரம் ஏறினால் மரம் வெடித்துவிடும். அந்த ஒரு மூச்சும் குருவுக்கே உரியது. அதற்காகவே அவர் வருடம் முழுக்கத் தடிமன், சளி பிடிக்காமல் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு திரிகிறார் என்று ஊரில் பேச்சு.

"இந்த வருசத்து மூச்சை நான் இன்னும் எடுக்கேல்லை. இந்தாங்கோ."

குகதாசன் ஓரடி பின்வாங்கினார். "நான் விட்டுட்டுப் போற ஆள். எனக்கேன் இது?"

"போற ஆள்தானே. ஊதிட்டுப் போங்கோ."

ரெக்கார்டரின் முதுகில் ஒரு துளை உண்டு. பெருவிரல் அதை முழுக்க மூடினால் கீழ்ச்சுரம். மேல்சுரம் வேண்டுமென்றால் நக நுனியால் மயிரிழை இடுக்கு விட வேண்டும். நகத்தை நேரே நிறுத்த வேண்டும்: குகதாசன் கற்றது அது, கற்பித்ததும் அது.

நேரே நிறுத்தி ஊதினார்.

கீச்சென்றது.

குருவின் ஒரு வருடத்து மூச்சு கீச்சுக் கீச்சென்று வீணாகிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் பெருவிரல் வழுக்கியது. வழுக்கித் துளையின் ஓரத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தது. சரிவான சின்னப் பள்ளம். நகம் சொந்தப் பாயில் சாய்ந்தாற்போல் அதில் சாய்ந்துகொண்டது.

சுரம் எழுந்தது.

சுவரில் தொங்கிய நரம்பு வாத்தியங்கள் யாரும் தொடாமலே முனகின. ஜன்னல் வெளிச்சத்தில் தூசி அந்தரத்தில் நின்றது. தெருவில் டிராம் நின்றது. ஓட்டுநர் கீழே இறங்கித் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியாது.

மூச்சு முடிந்தது. தூசி இறங்கியது. குகதாசன் குழலை இறக்கவில்லை.

"ரீச்சர், இந்தப் பள்ளம்... குழல் செய்தவன் வெட்டினதோ?"

"இல்லை. முந்நூறு வருசத்துக்கு முதல் இதை ஊதினவனின்ரை நகம் தேய்ச்சது."

"நகம் தேய்ச்சு மரத்திலை பள்ளம் விழுமோ? எவ்வளவு காலம் ஊத வேணும்?"

"ஒரு சீவியம்."

குகதாசனின் பெருவிரல் இன்னும் அந்தப் பள்ளத்திலேயே சாய்ந்திருந்தது. கண் நிறைந்திருந்தது.

ஆரணி பட்டுத் துணியை விரித்தார். "அலமாரியைப் பூட்ட வேணும், அண்ணை. கையை எடுங்கோ."

"ஆருடைய கையை?" என்றார் குகதாசன்.