கால் அளவு எட்டு

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த வெள்ளிக்கிழமை. மாலை நாலே முக்கால் மணி.

குழந்தைவேலு நனைந்த வேட்டியோடு மடத்துக் கூடத்தில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற நில அளவையாளர், வயது அறுபத்துநான்கு. அவருக்குத் தீட்சை அளித்த மெய்யம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

"தாயே, சொல்றதா வேண்டாமா? அஞ்சு மணிக்கு மறுபடி கூப்பிடுவான்."

"யாரு?"

"செருப்புக் கடைக்காரன்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சமையற்காரி மரகதம் நிமிர்ந்தாள். "செருப்புக்கா ஐயா வெறுங்காலோட ஓடி வந்தீங்க?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நேற்றுக் கைப்பேசி வழியே அறுநூற்று நாற்பது ரூபாய் கட்டிச் செருப்புக்குச் சொல்லியிருந்தார். காலையில் ஒருவன் அழைத்தான். சரக்கு தீர்ந்துவிட்டதாம், பணத்தைத் திருப்பித் தர வேண்டுமாம், வங்கி அட்டையின் எண்ணையும், வங்கி அனுப்பும் ஆறு இலக்க எண்ணையும் சொன்னால் போதுமாம். சொன்னார். அறுநூற்று நாற்பது வருவதற்குப் பதில் முப்பத்தோராயிரம் போயிற்று.

"ஏதோ தவறு நடந்துபோச்சாம். இன்னொரு நம்பர் வரும், அதையும் சொன்னா எல்லாம் திரும்பிடுமாம். சொல்லலைன்னா போனது போனதுதானாம். மிச்சம் கிடக்கிறது சம்சாரத்தோட முழங்கால் ஆபரேஷனுக்கு வச்சது. எனக்கு ஒண்ணும் புரியலை, தாயே."

"வங்கிச் செய்தியில நம்பர் மட்டும்தான் இருந்ததா?" என்று கேட்டார் மெய்யம்மை.

"யாரிடமும் பகிர வேண்டாம்னும் இருந்தது. ஆனா இவன் யாரோ இல்லையே. என் பேரு தெரியுது, கதவு எண் தெரியுது. என் கால் அளவு எட்டுன்னு என் சம்சாரத்துக்கே தெரியாது, இவனுக்குத் தெரியுது."



"ஆறு வருஷத்துக்கு முன்னால உங்க காதுல ஒரு மந்திரம் சொன்னேன். அதை இப்போ வாய்விட்டுச் சொல்லுங்க."

குழந்தைவேலு மரகதத்தைப் பார்த்தார். "இங்கேயா?"

"இங்கேதான்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நான் யாரோ இல்லையே."

 சொன்னால் குருவின் பழைய சொல்லை மீறியதாகும்; சொல்லாவிட்டால் புதிய சொல்லை.

"கேக்கறது நீங்களாவே இருந்தாலும்..." என்று இழுத்தார். "கொடுத்தவங்களே நீங்க. தெரிஞ்சதை எதுக்குத் தாயே என்கிட்ட கேக்கணும்?"

மெய்யம்மை மரகதத்தின் முறத்திலிருந்து ஒரு கீரைத்தண்டை எடுத்து ஆயத் தொடங்கினார்.

கைப்பேசி ஒலித்தது.

"ஐயா, நம்பர் வந்திருக்குமே. பார்த்துச் சொல்லுங்க."

வந்திருந்தது. குழந்தைவேலு அதைப் பார்த்தார். பிறகு கீரை ஆயும் விரல்களைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அதைப் பார்த்தார்.

"தம்பி," என்றார் மெதுவாக. "என் கால் அளவு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. இந்த நம்பரையும் நீங்களே சொல்லுங்க. சரியான்னு நான் பார்க்கறேன்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

வங்கிக்கும் காவல்துறைக்கும் அவர் அப்போதே தெரிவித்தார். தை மாதம் பதினோராயிரம் திரும்பி வந்தது; இருபதாயிரம் வரவில்லை. மாசி ஏழாம் நாள், முழங்காலுக்கான ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை மருத்துவமனையில் அவரே கட்டினார். தீர்ந்துபோனதாகச் சொல்லப்பட்ட செருப்பு மட்டும் அந்த ஐப்பசி வெள்ளியை அடுத்த திங்கட்கிழமையே வீடு வந்து சேர்ந்திருந்தது. அதற்குரிய அறுநூற்று நாற்பதை அவர் முன்னமே செலுத்திவிட்டிருந்தார்.